பெருவிரல் நகம் மாற இரண்டு போகம் போதாது: நகப் பங்கசுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாசியில் அறுவடை முடிந்து, வெட்டு மெஷின் வயலை விட்டுப் போன பிறகுதான் எங்கள் வன்னிப் பக்கத்தில் ஆட்கள் தங்கள் கால்களை நிதானமாகப் பார்ப்பார்கள். கிணற்றடிக் கல்லில் குதிக்காலைத் தேய்த்தால் சேறு கரைந்துவிடும். நகத்தின் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் கரையாது. "நகம் உக்கிப்போய்விட்டது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள். நானும் அப்படித்தான் இரண்டு வருடம் எழும்பிப் போனேன்.

என் இரண்டு பெருவிரல் நகங்களும் ஒரே மாதிரி இருந்தன: மஞ்சள், தடிப்பு, நுனியில் தூள். கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கி எட்டு மாதம் இரண்டிலும் பூசினேன். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் தோல் கிளினிக்கில் காட்டியபோது, டொக்டர் இரண்டு நகங்களிலிருந்தும் துண்டுகளைத் தனித்தனியாக எடுத்து, தனித்தனிப் பெயரிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. வலது நகத்தில் பங்கசு இருந்தது, இடதில் இல்லை. இடது நகம், லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெஷினுக்கு இரும்புச் சில்லு மாட்டும்போது ஐந்து வருடத்துக்கு முன் காலில் விழுந்ததன் மிச்சம். அந்த எட்டு மாதமும் ஒரு நகத்துக்குப் போதாத மருந்தை, இன்னொரு நகத்துக்குத் தேவையே இல்லாத மருந்தைப் பூசியிருக்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டி மருந்தில் தொடங்கவில்லை.

நகத்துக்குள் என்ன நடக்கிறது

பள்ளிப் புத்தகத்தில் நாம் பங்கசு என்று படித்ததைத்தான் தமிழ்நாட்டுக்காரர் பூஞ்சை என்கிறார்கள். நகம், முடி, தோலின் மேற்படை மூன்றும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரதத்தையே உணவாக்கிக்கொள்ளும் பங்கசு இனங்கள் இருக்கின்றன. கால்விரல் நகங்களில் பெரும்பாலும் அகப்படுவது டிரைக்கோபைட்டன் ரூப்ரம். கைவிரல் நகங்களில், அதிலும் நாள் முழுவதும் தண்ணீரில் கை வைத்திருப்பவர்களிடம், கன்டிடா என்ற மதுவ இனம் கூடுதலாகக் காணப்படும். மண்ணில் வாழும் சில பூஞ்சணங்களும் நகத்தில் குடியேறும். அவை வழக்கமான மருந்துக்கு எளிதில் மசியாது.

பங்கசு வழக்கமாக நகத்தின் மேலால் வருவதில்லை. முதலில் விரல் இடுக்கிலோ உள்ளங்காலிலோ தோலில் தங்கும். பிறகு நகத்தின் நுனிக்கும் தோலுக்கும் இடையிலுள்ள விளிம்பால், அல்லது பக்கவாட்டு மூலையால், அடியில் நுழைந்து மெதுவாக நகத்தின் வேரை நோக்கிப் போகும். நகப்படுக்கை தடித்துத் தூளை உண்டாக்கும். உளுத்த கப்பில் விரலை வைத்தால் உதிருமே, அதே மாதிரியான தூள். அது நகத்தை மேலே தள்ளுவதால் நகம் படுக்கையை விட்டுப் பிரிந்து நிற்கும். வெள்ளையாகவும் மஞ்சளாகவும் தெரிவது அந்த இடைவெளியும் தூளும்தான்.

இன்னும் இரண்டு வடிவங்கள் உண்டு. நகத்தின் மேற்பரப்பில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைத் திட்டுகள் வருவது ஒன்று. சுரண்டினால் வந்துவிடும், மருந்துக்கும் எளிதில் அடங்கும். மற்றது, நகத்தின் வேர்ப்பக்கத்திலிருந்தே வெள்ளை படர்ந்து வருவது. இது அரிது. உடலின் நோய் எதிர்ப்பு குறைந்திருப்பதை இது காட்டக்கூடும் என்பதால், கண்டால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் போங்கள்.

வன்னியில் ஏன் இவ்வளவு

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் தை வரை விடாது. காலபோகம் என்ற மாரி நெற்செய்கையும் அதே மாதங்களில்தான். இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் வரம்பு கட்டி, விதைத்து, களை பிடுங்கி நிற்பவர்களின் விரல் இடுக்கு மாதக்கணக்கில் காய்வதே இல்லை. ஊறி வெளுத்து வெடிக்கும் சேற்றுப்புண் எல்லாமே பங்கசு அல்ல. ஆனால் ஊறிய தோல் பங்கசுக்குத் திறந்த கடவை. எலிக்காய்ச்சல் கிருமிக்கும் அதுதான் கடவை என்பதால், மழைக்காலத்தில் விரல் இடுக்கு வெடிப்பை நகப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள்.

சேற்றில் இறங்காதவர்களுக்கும் விலக்கு இல்லை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றிய பெண்களின் கால், வெயிலில் நாள் முழுவதும் பூட்சுக்குள் இருந்தது. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள், பாதுகாப்பு வேலை செய்பவர்கள், வெள்ளைச் சப்பாத்தும் கால்மேசும் போட்டபடி விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் சப்பாத்துக்குள்ளேயே ஒரு மாரிகாலம். வயது கூடக் கூட நகம் வளரும் வேகம் குறைவதால் வயதானவர்களிடம் இது கூடுதலாக இருக்கும். சீனி வருத்தக்காரர்களிடம் இன்னும் கூடுதல்.

முதல் படி: வெளிச்சத்தில் பார்த்தல்

பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த காலைப் பாருங்கள். கியூடெக்ஸ் இருந்தால் அழித்துவிடுங்கள். மருதோன்றியும் மஞ்சளும் வேறு சங்கடம். நகத்தில் ஏறிய சாயம் வளர்ந்து போகும் வரை போகாது. பங்கசுக்கு நல்லது என்று அரைத்த மஞ்சளை ஒரு மாதம் கட்டிவிட்டு வந்தவரின் நகத்தில், எது நோயின் மஞ்சள், எது அரைத்த மஞ்சள் என்று எந்த வைத்தியர் சொல்வார்?

நிறம் மாறிய, உருக்குலைந்த நகங்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய பாதிதான் பங்கசு. மற்றப் பாதி வேறு காரணங்கள். பழைய அடி, இறுக்கமான சப்பாத்து ஆகியவற்றால் வரும் தடிப்பு பெரும்பாலும் ஒரு நகத்தில், அல்லது இரண்டு பெருவிரல்களில் மட்டும் நிற்கும். விரல் இடுக்குத் தோல் சுத்தமாக இருக்கும். சொரியாசிஸ் என்ற தோல் நோயில் நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கும். முழங்கையிலோ தலையிலோ செதில் படையும் இருக்கக்கூடும். பச்சை நிறம் என்றால் அது பெரும்பாலும் ஈரத்தில் வளரும் ஒரு பற்றீரியா. நகத்தைச் சுற்றிய தோல் சிவந்து வீங்கி நொந்தால் அது நகச்சுத்தி.

அவசரமாகக் காட்ட வேண்டியது கறுப்பு. ஒரே ஒரு நகத்தில் கறுப்பு அல்லது கபிலக் கோடு விழுந்து, அது அகன்றுகொண்டே போனாலோ, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு படர்ந்தாலோ, புற்றுநோய் இல்லை என்று வைத்தியர் உறுதிப்படுத்த வேண்டும். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்குப் பல விரல்களில் மெல்லிய கோடுகள் இயல்பாகவே இருப்பதுண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். அடிபட்டு உறைந்த இரத்தமும் கறுப்புத்தான். ஆனால் அது நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கி நகரும். மாதக்கணக்கில் நகராமல் நிற்கும் கறுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஆதாரம் எடுத்தல்

பலர் தாண்டிப்போகும் படி இதுதான். நானும் தாண்டினேன். கால்நகப் பங்கசுக்கான குளிசை மூன்று மாதம் போட வேண்டியது, ஈரலைத் தொடக்கூடியது. இல்லாத நோய்க்கு அதை விழுங்குவதில் என்ன பயன்?

பரிசோதனை எளிது, நோவும் இல்லை. நகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல நகத்தை நெருங்கிய எல்லையிலிருந்து தூளையும் துண்டையும் எடுப்பார்கள். உயிருள்ள பங்கசு அந்த எல்லையில்தான் இருக்கும், நுனித் தூளில் அநேகமாகச் செத்ததுதான் அகப்படும். எடுத்ததைப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் ஊறவைத்தால் கெரட்டின் கரைந்து தெளியும். கிளைவிட்ட நூல் போன்ற பங்கசு இழைகள் நுணுக்குக்காட்டியில் தெரியும். எந்த இனம் என்று அறிய மாதிரியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு நாலு வாரம் வரை ஆகும்.

ஏற்கெனவே பூச்சு மருந்து பாவித்துக்கொண்டிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டிலிருந்து நாலு வாரம் நிறுத்திவிட்டு மாதிரி எடுப்பார்கள். குளிசை போட்டிருந்தால் இடைவெளி இன்னும் நீளும். போகுமுன் நகத்தை ஒட்ட வெட்டி அழகுபடுத்த வேண்டாம், எடுக்க ஒன்றும் இருக்காது. பங்கசு இருந்தும் "இல்லை" என்று முடிவு வருவதும் உண்டு. கண்ணுக்குச் சந்தேகம் பலமாக இருந்தால் இன்னொரு முறை எடுக்கக் கேட்பதில் தவறில்லை.

தோல் கிளினிக் எல்லா நாளும் நடப்பதில்லை. அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் முதலில் காட்டி, கிளினிக் நாளைக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.

யார் காத்திருக்கக் கூடாது

பெரும்பாலானோருக்கு நகப் பங்கசு ஆபத்தில்லாத தொல்லை. அழகைக் கெடுக்கும், சப்பாத்தில் நோகும், அவ்வளவுதான். வைத்தியம் செய்யாமல் விடுவது என்று ஒரு முதியவர் யோசித்து முடிவெடுத்தால் அதுவும் ஒரு முடிவுதான்.

சீனி வருத்தக்காரருக்கு அப்படி அல்ல. கால் உணர்ச்சி குறைந்திருக்கும்போது தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்தினாலும் தெரியாது. அந்தச் சின்னப் புண்ணால் கிருமி புகுந்து கால் முழுவதும் சிவந்து வீங்கும். சிலருக்கு அது விரலை எடுக்கும் வரை போகும். சீனி வருத்தம் இல்லாமலே கால் விறைத்து உணர்ச்சி குறைந்தால், தொழுநோய் உட்பட வேறு காரணங்களை வைத்தியர் பார்க்க வேண்டியிருக்கும்.

போரில் ஒரு காலை இழந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணன் ஒருவர் மாலையில் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை நிலத்தில் வைத்து, மற்றக் காலின் அடியைப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு விரல் இடுக்கிலும் துவாயின் நுனியை விட்டு இழுப்பார். இரண்டு கால் உள்ள எனக்கு அந்தப் பழக்கம் அவரைப் பார்த்துத்தான் வந்தது.

மூன்றாம் படி: மருந்து

நகத்தின் வேர்ப்பகுதி தப்பியிருந்து, நுனிப்பக்கம் பாதிக்கும் குறைவாக, ஓரிரு நகங்களில் மட்டும் இருந்தால் பூச்சு மருந்து போதலாம். களிம்பு நகத்தைத் துளைத்துப் போகாது. நகத்துக்கென்றே செய்த, கியூடெக்ஸ் போலக் காயும் அமொரொல்பின் 5 சதவீதப் பூச்சை வாரம் ஒன்று அல்லது இரண்டு தரம், கைநகத்துக்கு 6 மாதம், கால்நகத்துக்கு 9 முதல் 12 மாதம் பூச வேண்டும். சைக்ளோபிரொக்ஸ் 8 சதவீதப் பூச்சு என்றால் தினமும், ஏறக்குறைய ஒரு வருடம். பூசும் முன் நகத்தின் மேற்பரப்பை அரத்தால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். இதைச் செய்யாமல் பூசுவது, பொலித்தீன் விரித்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல. அந்த அரத்தை நல்ல நகத்தில் வைக்கவே கூடாது.

பாதிக்கு மேல் போயிருந்தால், வேரைத் தொட்டிருந்தால், பல நகங்களில் இருந்தால் குளிசை. முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் டேர்பினபின் 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று: கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். கன்டிடாவுக்கு இட்ராகொனசோல் பொருத்தம். அதை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் போட்டு, மூன்று வாரம் விட்டு, மீண்டும் போடும் முறையும் உண்டு.

தொடங்குமுன் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. ஈரல் வருத்தம் இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா என்பது முதலாவது. ஈரலைப் பார்க்க இரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அடுத்தது சிறுநீரகம். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள இடங்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சிறுநீரகத் தொழிற்பாடு பாதியளவில் குறைந்தவர்களுக்கு டேர்பினபின் பொருந்தாது. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோல் கூடாது. சிம்வாஸ்டடின் என்ற கொழுப்புக் குளிசையோடும் அதைச் சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நகத்துக்காகக் குளிசை போட வேண்டாம். பிள்ளை பிறந்து, பால் மறக்கும் வரை நகம் காத்திருக்கும்.

குளிசை போடும் நாள்களில் சிறுநீர் கடும் நிறமாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். டேர்பினபினால் சிலருக்கு நாக்கு ருசி இழக்கும். குளிசையை விட்ட பின் பெரும்பாலும் திரும்பிவிடும்.

நூற்றுக்கு நூறு எதிர்பார்க்காதீர்கள். டேர்பினபின் குளிசைக்கான பரிசோதனைகளில் கால்நகக்காரர் 100 பேரில் 70 பேருக்குப் பங்கசு போனது. நகமும் முழுக்கப் பழையபடி தெளிந்தது 38 பேருக்குத்தான். சைக்ளோபிரொக்ஸ் பூச்சு மட்டும் என்றால் அந்தக் கணக்கு 10 பேரைக்கூடத் தொடாது.

கடை டியூப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "சொறி, படை எல்லாத்துக்கும்" என்று தரும் கலவைக் களிம்புகளில் ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு. கடி உடனே அடங்கும், பங்கசு அமைதியாகப் பரவும். வினாகிரி, தேசிக்காய், வேப்பெண்ணெய், உள்ளி எல்லாவற்றுக்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் பங்கசைக் கொல்வது வேறு, தடித்த நகத்தின் அடிக்குப் போய்ச் சேர்வது வேறு. வேப்பெண்ணெய் பூசுவதால் பெரிதாகக் கெடுதல் இல்லை. மண்ணெண்ணெய் வேண்டாம், தோலைப் பொசுக்கிவிடும்.

நான்காம் படி: நகத்தில் ஒரு கோடு

இது எனக்கு டொக்டர் கற்றுத்தந்தது. கெட்ட நகமும் நல்ல நகமும் சந்திக்கும் எல்லையில், நல்ல பக்கத்தில், நக அரத்தின் விளிம்பால் குறுக்கே மெல்லிய கீறல் ஒன்று போட்டார். கைத்தொலைபேசியில் படம் எடுக்கச் சொன்னார். "தம்பி, இது புல் இல்லை, மருந்தடித்த மூன்றாம் நாள் கருக. பழைய நகம் திருந்தாது. புதிதாக வரும் நகம் நல்லதாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்" என்றார்.

கீறல் நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கிப் போகும். மஞ்சள் கீறலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டால் மருந்து வேலை செய்கிறது. கீறலைத் தாண்டி வேர்ப்பக்கம் வந்தால் வைத்தியரிடம் திரும்பிப் போக வேண்டும். பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். முழுதாக மாற 12 முதல் 18 மாதம். மூன்றரை மாத நெல்லை விதைத்து வெட்டி, சிறுபோகமும் செய்து முடித்தாலும் அது பாதி வழியில்தான் நிற்கும். கைநகம் வேகமானது, மாதம் மூன்று மில்லிமீற்றர், ஆறு மாதத்தில் புதிது.

12 வாரத்தில் குளிசை முடியும்போது நகம் பார்வைக்கு இன்னும் அசிங்கமாகவே இருக்கும். பலர் இங்கேதான் "சரிவரவில்லை" என்று அடுத்த கடைக்குப் போகிறார்கள். மருந்து நகத்துக்குள் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்துகொண்டிருக்கும்.

நகம் வெட்டுவதும் செருப்பும்

குளித்தபின் நகம் மெதுவாக இருக்கும்போது நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். பழைய பேப்பரை விரித்து அதில் தூளைச் சேர்த்து எறியுங்கள். அந்த நகத்துக்குத் தனி நகவெட்டி, வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. வெட்டவே முடியாத தடிப்பென்றால் 40 சதவீத யூரியாக் களிம்பை வைத்துக் கட்டி இளக்கலாம். உணர்ச்சி குறைந்த காலுள்ளவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம். கிளினிக்கில் கேளுங்கள்.

விரல் இடுக்கிலும் உள்ளங்காலிலும் படை இருந்தால் அதையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நகம் தெளிந்ததும் அங்கிருந்து திரும்பி வரும். தோலுக்குக் களிம்பு வேலை செய்யும்: டேர்பினபின் களிம்பு ஓரிரு வாரம், அல்லது குளொட்ரிமசோல் நாலு வாரம். கால்மேசுகளைத் தினமும் மாற்றி, கொதிதண்ணீரில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். இரண்டு சோடிச் சப்பாத்து இருந்தால் ஒன்று விட்டு ஒன்று போட்டு, மற்றதைக் காயவிடலாம். பழைய ரப்பர் செருப்பில் பெருவிரல் பதிந்த கறுப்புக் குழி இருக்கிறதே, அதை எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகச் சுத்தமாகாது. குளிசை தொடங்கும் வாரத்தில் புதுச் செருப்பு வாங்கிவிடுவது நல்லது. வீட்டில் இன்னொருவர் காலிலும் படை இருந்தால் அவருக்கும் அதே நேரத்தில் வைத்தியம்.

வயலை விட்டு நிற்க முடியாது, தெரியும். ஆனால் ஏறியதும் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிட ஐந்து நிமிடம் கிடைக்கும். மீன், இறால் துப்புரவு செய்பவர்களும் சமையல் வேலைக்காரரும் ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை ஒன்றைப் போட்டால் கை ஊறாது.

என் வலது நகத்தின் கீறல் பதினோராம் மாதத்தில் நுனிக்கு வந்து, வெட்டிய துண்டோடு போய்விட்டது. ஒரு மூலையில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு மிச்சம், அதற்கு இன்னும் பூசிக்கொண்டிருக்கிறேன். இடது நகம் அப்படியே தடிப்பாக இருக்கிறது. அதற்கு மருந்து இல்லை, மாதம் ஒரு தரம் அரம் மட்டும்தான்.